நிலைக்கு மேலே மூன்று விரல்

சுவிஸில், இந்தப் பீல் நகரில் குளிர் தொடங்கிவிட்டது. எங்கள் கட்டடத்தில் ஹீட்டரை நேற்றுத்தான் திறந்துவிட்டார்கள். யன்னலுக்குக் கீழே இருக்கும் அந்த இரும்புப் பெட்டி சூடானதும், மேலே தட்டில் கிடக்கும் மரத்துண்டும் மெல்லச் சூடேறி மணக்கத் தொடங்கியது. முதலில் பிசின் வாசம். கொஞ்ச நேரம் கழித்து மஞ்சள் வாசம். என் மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "உந்த மரத்தை எங்கயாவது தூக்கி வையுங்கோவன், வீடெல்லாம் மணக்குது" என்றாள். நான் வைக்கவில்லை. அது உன் வீட்டு வாசல் நிலைக்காலின் தலையிலிருந்து அறுத்த துண்டு. நீ பூசிய மஞ்சள் ஒரு பக்கத்தில் அப்படியே இருக்கிறது. குங்குமம் மட்டும் கறுத்துவிட்டது.

உன்னில் எனக்கு இன்னும் கோபம்தான், மச்சான். செத்த ஆளில் கோபிக்கக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்பவர்களுக்கு உன்னைப் போல ஒரு சிநேகிதன் இருந்திருக்க மாட்டான்.

நீ வீடு கட்டப்போகிறேன் என்று சொன்ன நாள் நினைவிருக்கிறது. லா ஷோ-து-ஃபோன் நகரில் நீ வேலை செய்த தொழிற்சாலைக்குப் பின்னால் பேருந்துக்கு நின்றோம். மணிக்கூட்டு உறைகளை மினுக்கி மினுக்கி உன் விரல் நுனிகள் கறுத்திருந்தன. வங்கிக்குப் போனாயா என்று கேட்டேன். இந்த நாட்டில் வீடு என்றால் வங்கிதானே. சாகும்வரை கட்டி, பிள்ளைகளுக்கும் கட்டவிட்டுப் போவதுதானே இங்கே வழக்கம். நீ தலையை ஆட்டிவிட்டு, "என்னைக் களவாய்க் கொண்டுவந்த ஏஜென்சிக்குப் பட்ட கடனே போதும். அந்தக் கடன் முடிஞ்ச அண்டைக்குத்தான் நான் இந்த நாட்டுக்கு வந்து சேந்தனான். இனி ஒருத்தனுக்கும் நான் ஒண்டும் குடுக்க இருக்கக் கூடாது" என்றாய். அது நீ விளையாட்டுக்குச் சொன்னதல்ல என்று எனக்குத் தெரியும். நீ நம்மவர்களின் சீட்டில்கூடச் சேராத ஆள்.

அந்த நகருக்கு அப்பால், மலைக்கு மேலே ஒரு கிராமத்தின் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கினாய். பழைய கொட்டில் ஒன்று இடிந்து கிடந்த இடம். கடையோ பேருந்தோ கிட்ட இல்லை, அதனால் யாரும் கேட்கவில்லை. கொம்யூன் என்கிற ஊராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அனுமதியும் எடுத்தாய். அந்தக் கோடையில் அடித்த காற்றில் காட்டின் ஒரு சரிவே படுத்துவிட்டது. விழுந்த ஊசியிலை மரங்களை விறகு விலைக்கு விற்றார்கள். கல்லுக்குப் பதிலாக ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடத்திச் சுவர் எழுப்ப வேண்டியதை நீ வாங்கி, மரவாடியில் நாலு பக்கமும் சதுரமாய் அறுப்பித்து, காணியில் அடுக்கி வைத்தாய். உன் மனைவி வதனிக்கு அது பிடிக்கவில்லை. காற்றில் விழுந்த மரத்தை வீட்டுக்கு எடுக்கிறதில்லையே என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். நீ கேட்டுவிட்டுச் சிரித்தாய். "நாங்களும் காத்துக்கு விழுந்து வந்தனாங்கள்தானே" என்றாய். எனக்கும் அப்போது சிரிப்புத்தான் வந்தது. அந்த மரங்களைத் தொட்டால் கை நனைந்தது. அவ்வளவு பச்சை.

கூலிக்கு ஆள் பிடிக்கவும் உனக்கு மனமில்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்பதுதான் உன் கணக்கு. உன் காணியில் ஒருவன் ஒரு சனிக்கிழமை வேலை செய்தால், நீ போய் அவன் வீட்டில் ஒரு சனிக்கிழமை வேலை செய்வாய். அதையும் தள்ளிப்போட விடமாட்டாய். நான் உன் அத்திவாரத்துக்கு வந்து முதுகு பிடித்துப் படுத்திருந்த வாரம், நீ என் குளியலறைக்கு ஓடு பதிக்க வந்து நின்றாய். "இண்டைக்கு வேண்டாமடா, எழும்பேலாமல் கிடக்கிறன்" என்றேன். "நீ படு. ஓடு பதிக்கிறதுக்கு உன்ர முதுகு என்னத்துக்கு?" என்றாய். தூரத்து டீட்டிகோன் நகரிலிருந்துகூடப் பெடியள் வந்து உனக்கு மரம் தூக்கினார்கள். அவர்களுக்கும் நீ ரயிலேறிப் போய்ச் சுவருக்கு நிறம் பூசிக் கொடுத்தாய்.

பிறகு வாசலுக்கு நிலை வைத்தாய்.

எங்கள் ஊரில் சுவருக்கு முன்னமே நிலை வைப்பார்கள். நாள் பார்த்து, நேரம் பார்த்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நிலையை நிறுத்திவிட்டு அதைச் சுற்றித்தான் கல்லை அடுக்குவார்கள். நீயும் அப்படித்தான் செய்தாய். பழைய மாட்டுக்கொட்டகை ஒன்றை இடித்த இடத்தில் எடுத்த ஓக் மரத்தில், ஆணி இறங்காத வைரத்தில், நிலை செய்வித்தாய். ஒரு விடியற்காலை, பனிப்புகார் இன்னும் கலையாத புல்வெளியில், சுவரும் இல்லாமல் கூரையும் இல்லாமல் அந்த நிலை தனியாக நின்றது. ஐயர் காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு மந்திரம் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் கழுத்துமணி குலுங்க வரிசையாக நின்று பார்த்தன. நீ தேங்காய் உடைத்துவிட்டு அந்த நிலைக்குள்ளால் ஒரு தரம் போய், திரும்பி வந்தாய். இந்தப் பக்கமும் புல், அந்தப் பக்கமும் புல். ஆனாலும் குனிந்து, வலது காலை வைத்துத்தான் போனாய்.

"சிரியாதை" என்று என்னிடம் சொன்னாய். "காட்டுக்குள்ளால வந்தன், லொறிக்குள்ளால வந்தன், ஒருக்கா ரயில் கக்கூசுக்குள்ள ஒளிச்சும் வந்தன். ஒரு நாட்டுக்குள்ளயும் நான் கதவால வரயில்லை. என்ர வீட்டுக்குள்ள கதவாலதான் போவன், கதவாலதான் வருவன்."

பக்கத்துக் காணிக்காரர் ரெமி அன்றைக்கு அங்கே நின்றார். முன்பு தச்சு வேலை செய்தவர். அவருக்கு வடையும் தேநீரும் கொடுத்தோம். வடையைச் சாப்பிட்டு முடித்ததும் அவர் நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடுக்கியிருந்த பச்சை மரத்தையும் தட்டினார். இந்த மரம் காயக் காயச் சுவர் கீழே இறங்கும், நிலைக்கு மேலே ஒரு கை அகலம் இடம் விடு, அதில் கம்பளி அடைத்துப் பலகையால் மூடிவிடு என்று உன்னிடம் பிரெஞ்சில் சொன்னார். இறங்குவதை உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார். நீ நன்றாக விளங்கிக்கொண்டாய். அதுதான் எனக்கு ஆத்திரம். யன்னல்கள் எல்லாவற்றுக்கும் மேலே நீ அவர் சொன்னபடியே இடம் விட்டாய். நிலைக்கு மட்டும் விடவில்லை. "பூசை செய்து வச்ச நிலைக்கு மேல ஓட்டை விடுறதோ? சுவர் நிலையிலதான் இருக்கவேணும்" என்றாய். சுவர் நிலையின் உயரத்துக்கு வந்த சனிக்கிழமை, நிலைக்கு மேலே முதல் மரத்தை வைத்தபோது ஒரு முனையை நீ பிடித்தாய், மறுமுனையை நான் பிடித்தேன். அது நிலையின் தலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. நீ கையைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாய். உனக்கு அவ்வளவு சந்தோசம்.

பால் காய்ச்சி நீங்கள் குடிபோன அந்த முதல் குளிர்காலத்திலேயே வீடு சத்தம் போடத் தொடங்கியது. உன் வீட்டில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் முதலில் கேட்டேன். சுவருக்குள்ளிருந்து படீரென்று ஒரு சத்தம். வதனியின் கையிலிருந்த கரண்டி சோற்றுக்குள் விழுந்தது. "மரம் காயுது, வேற ஒண்டுமில்லை" என்றாய். பிறகு இன்னொரு பக்கத்தில் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு ஏதோ ஒரு ஒழுங்கு இருப்பதுபோல எனக்குப் பட்டது. எப்போதும் கதவின் பக்கம்தான் முடிந்தது.

வசந்தத்தில் வந்தபோது கதவு உரசியது. நீ சீவுளியை எடுத்துக் கதவின் மேல் விளிம்பைச் சீவினாய். மெல்லிய சுருள்கள் உன் காலடியில் விழுந்தன. இலையுதிர்காலத்தில் வந்தேன், அப்போதும் சீவிக்கொண்டிருந்தாய். நிலையின் மேல்கட்டை நடுவில் கொஞ்சம் வளைந்திருந்தது. அதைவிட எனக்குப் பயம் தந்தது வேறொன்று. மற்றப் பக்கச் சுவர்கள் இறங்கிவிட்டன, கதவுப் பக்கச் சுவர் மட்டும் இறங்க முடியாமல் நிலையில் தொங்கியது. மரத்துக்கும் மரத்துக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. கையை வைத்தால் காற்று. நீ உன் பழைய சாரத்தைக் கிழித்து, அந்த இடுக்குகளுக்குள் கத்தியால் திணித்து வைத்திருந்தாய். நீலக் கட்டம் போட்ட அந்தச் சாரம். அகதி முகாமில் நாங்கள் ஒரே அறையில் இருந்த காலத்தில் நீ உடுத்தது.

"நிலையைக் கழட்டிக் கால் ரெண்டையும் குறைப்பம். ரெமியைக் கூப்பிடுவம்" என்றேன்.

"நிலையில கை வைக்கேலாது."

"அப்ப வீடு உன்ர தலையில கை வைக்கும்."

"விசர்க்கதை கதையாதை. கதவைத்தானே சீவவேணும், சீவுறன். கதவு என்ன பூசை செய்து வச்சதோ?" என்று சிரித்தாய். அந்தக் கதவில் அப்போது சீவ இன்னும் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று நீயும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. வதனி என்னைப் பார்த்த பார்வை மட்டும் எனக்கு மறக்கவில்லை.

அடுத்த மாசிக்கு முன்னால் அப்படி ஒரு ஸ்னோ கொட்டியது. பிறகு இரண்டு நாள் மழை பெய்து, கூரையில் கிடந்ததெல்லாம் ஈயமாய்க் கனத்தது. வதனி மகளிடம் டீட்டிகோனுக்குப் போயிருந்தாள். நீ தனியே. அது சனிக்கிழமை. முந்தின சனிக்கிழமை நீ என் சமையலறைக் குழாயை மாற்றித் தந்திருந்தாய், அதற்கு ஈடாக அன்றைக்கு நான் உன்னிடம் வருவதாக ஏற்பாடு. காலைச் சாப்பாட்டுக்கு முன் உன் தொலைபேசி வந்தது.

"மச்சான், கதவு இறுகிப் போச்சு. அசையுதில்லை."

"யன்னலால வெளியால போ" என்றேன்.

உனக்குப் பின்னால் வீட்டின் சத்தம் கேட்டது. எனக்கு நன்றாகக் கேட்டது. பிறகு, "என்ர வீட்டை விட்டு நான் யன்னலால போறதோ? நீ வா. வர முன்னம் திறந்து வைக்கிறன். நெம்புறதுக்கு அலவாங்கு கையில கிடக்கு" என்றாய். குரலில் சிரிப்பு இருந்தது, மூச்சும் வாங்கியது. உன் இதயத்தைப் பார்த்த டொக்டர் பாரம் தூக்காதே என்று சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். "அதைத் தொடாதை, நான் வாறன்" என்று கத்தினேன். நீ வைத்துவிட்டாய்.

நான் வந்து சேர்ந்தபோது உன் புகைபோக்கியிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. கதவைத் தட்டினேன், கூப்பிட்டேன். வீட்டைச் சுற்றி ஓடி யன்னலால் பார்த்தேன். கதவோடு முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்தாய். அலவாங்கு மடியில் கிடந்தது. கதவின் ஓரமெல்லாம் நெம்பிய காயம். கண்ணாடியை உடைத்து நான் உள்ளே குதித்தேன். நீ அவ்வளவு மறுத்த அந்த யன்னலால்தான் உன்னிடம் நான் வரவேண்டி இருந்தது. உன் கை இன்னும் சூடாக இருந்தது. அடுப்புப் பக்கத்தில் இருந்ததால் அப்படியா, அல்லது நான் கொஞ்சம் முந்தியிருக்கலாமா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அம்புலன்ஸ்காரர்களும் அந்த யன்னலால்தான் வந்தார்கள். இதயம் என்றார்கள். பொலிஸ் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனது. பிறகு உன்னைக் கொண்டுபோக வந்த இருவரும் பெரிய யன்னலை அளந்து பார்த்து, இதால் எடுக்கலாம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். என் பிரெஞ்சு உனக்குத் தெரியும், கோபம் வந்தால் அதுவும் போய்விடும். "கதவு, கதவு" என்று மட்டும் சொன்னேன். அவர்களுக்கு விளங்கவில்லை. ரெமிக்கு விளங்கியது. அவர் வீட்டுக்குப் போய்ச் சங்கிலி வாளைக் கொண்டுவந்து, நிலையைத் தொடாமல், கதவை மட்டும் நடுவால் அறுத்தார். உன்னைக் கதவாலதான் கொண்டுபோனோம், மச்சான். அதற்காக நான் எவ்வளவு நேரம் அந்த மனிதர்களைக் குளிரில் நிறுத்தி வைத்தேன் என்று தெரியாது. நிறுத்தியது சரிதான்.

அதற்குப் பிறகு வதனி அந்த மலைக்கு ஏறவில்லை. உன் மகள் அபிரா ஏறினாள். டீட்டிகோனில் களஞ்சிய நிறுவனத்தில் வேலை, சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகிறது. "அப்பா கடன் இல்லாமல் ஒரு வீட்டை விட்டிட்டுப் போயிருக்கிறார். நான் ஏன் மாமா ஆரோ ஒருத்தருக்கு வாடகை கட்டவேணும்?" என்று கேட்டாள். லா ஷோ-து-ஃபோனில் வேலையும் தேடி எடுத்துவிட்டாள். நிலையைக் குறைக்காமல் நீ அங்கே ஒரு நாளும் படுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

வதனி தொலைபேசியில் அழுதாள். "நிலையில வெட்டினா வீட்டுக்கு ஆகாது அண்ணை."

"வெட்டாமத்தான் ஆகயில்லை" என்றேன். சொன்ன பிறகு எனக்கே என் வாயில் அடிக்கவேண்டும் போல இருந்தது. அவள், "அப்ப மஞ்சளையாவது கழுவாமல் செய்யுங்கோ" என்றாள்.

நான் உனக்குக் கொடுக்க இருந்த சனிக்கிழமையை அந்தக் கோடையில் கொடுத்தேன். நிலைக்கு இரண்டு பக்கமும் ரெமி ஜாக் வைத்து மேல் மரத்தைத் தாங்கினார். நிலையைக் கழற்றிப் புல்லில் கிடத்தினோம். அவர் இரண்டு கால்களின் தலையையும் அரைச் சாணுக்கு மேல் அறுத்தார். ஒன்றை என்னிடம் தந்தார். அதுதான் இப்போது என் யன்னலில் மணக்கிறது. பிறகு ஜாக்கை ஒவ்வொரு பல்லாக இறக்கினார். அவ்வளவு காலமும் தொங்கிக்கொண்டிருந்த சுவர் இறங்கத் தொடங்கியது. மேலிருந்து ஒவ்வொரு மரமாகக் கீழேயுள்ள மரத்தில் போய் இருந்தது. இடுக்குகள் மூடின. உன் சாரத்தின் துண்டுகளை அதற்கு முன் இழுத்தெடுக்க நான் நினைக்கவில்லை. அவை உள்ளே அகப்பட்டுக்கொண்டன, நீல நூல் விளிம்பு மட்டும் வெளியே தெரிகிறது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. கடைசியில் வீடு ஒரு நீண்ட மூச்சு விட்டது. ரெமி தொப்பியைக் கழற்றிவிட்டு, பொறுங்கள், இன்னும் முடியவில்லை, இன்னும் சில வருடம் இறங்கும் என்றார்.

குறைத்த நிலையைத் திருப்பி வைத்து, மேலே இடம் விட்டு, புதுக்கதவும் போட்டோம். உயரம் குறைந்ததால் அபிரா குனிந்துதான் உள்ளே போகவேண்டும். வலது காலை வைத்துப் போனாள். நீ நடந்த நடை அப்படியே. எனக்கு அழுகை வந்துவிட்டது, பிசின் கண்ணில் பட்டுவிட்டது என்று ரெமியிடம் பொய் சொன்னேன்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் கதவுக்கு மேலே பார்க்கிறேன். உன் வீட்டுக்குப் போனால் முதல் வேலையாக, மூடுபலகையைக் கழற்றி, கம்பளியை விலக்கி, நிலைக்கு மேலே விட்ட இடத்துக்குள் விரலை விட்டுப் பார்க்கிறேன். போன தைப்பொங்கலுக்கு நான்கு விரல் போனது. புரட்டாதியில் போனபோது மூன்றுதான் போயிற்று. மூன்று விரல் போதும் என்று ரெமி சொல்கிறார். போதும்தான். ஆனால் அந்த நான்காவது விரல் வெளியே நின்றது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்று மத்தியானம் அபிரா தொலைபேசி எடுத்தாள். வேலை, சாப்பாடு, அம்மாவின் முழங்கால் வலி என்று கதைத்துவிட்டு, வைக்கும்போது, "மாமா, கதவு கொஞ்சம் இறுகிற மாதிரிக் கிடக்கு. மழைக்கு ஊதியிருக்கும், நான் சீவிப் பாக்கிறன்" என்றாள். மேலே இடம் இருக்கும்போது கதவு ஏன் இறுகவேண்டும்? மழைக்கு ஊதியிருக்கலாம். அப்படித்தான் இருக்கவேண்டும். நான் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "சீவாதை. இறுகிச்சுதெண்டால் யன்னலால வெளியால வா, என்ன?" என்றேன்.

அவள் சிரித்தாள். "ஏன் மாமா யன்னலால? அப்பா எனக்குக் கதவு வச்சிட்டுத்தானே போனவர்."

இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை வரை என்னால் இருக்க முடியாது. அலவாங்கைக் காரில் ஏற்றிவிட்டேன், இப்போதே போகிறேன்.